புண் ஆறும் வகை: தோலின் நார்ப்புரதங்கள் ஆற்றும் பணி

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், பழந்தமிழ் நூல்கள் பொன்முகலி எனப் போற்றும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் நாயுடுபேட்டை. முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டில் புதிய திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. இதனைச் சுற்றியுள்ள வயல்களில் நெல் அறுவடை முடிந்ததும், அறுத்த தாளின் கூரிய முனைகள் நிலமெங்கும் நிற்கும். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் உள்ளங்காலை அவை கிழிப்பது உழவர் யாவரும் அறிந்ததே.

இரு உழவர்களை எடுத்துக்கொள்வோம். இருவர் காலிலும் ஒரே நாளில், ஒரே வயலில், ஒரே ஆழத்திற்குத் தாள் குத்தியது எனக் கொள்க. முதலாமவரின் புண் இரண்டு வாரங்களில் மூடி, சிறு தழும்பாகிவிடுகிறது. இரண்டாமவர் பத்தாண்டுகளாக நீரிழிவு உடையவர். அவருடைய பாதம் மரத்துப்போயிருக்கிறது. மூன்று மாதங்கள் கடந்தும் அவருடைய புண் மூடவில்லை. விளிம்பு தடித்து, நடு குழிந்து, கசிவு நின்றபாடில்லை. இத்தகைய புண்ணே பிற்காலத்தில் விரலையோ காலையோ அகற்ற நேரும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். ஆதலால் இவ்விரு புண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது என்று அறிவது மருத்துவர்க்கு மட்டுமன்றி, கிராமங்களில் பணிபுரிவோர்க்கும் இன்றியமையாததாகும்.

உயிரணுவெளிப் பின்னல்

உடல் உயிரணுக்களால் ஆனது என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. இது முழு உண்மை அன்று. உயிரணுக்கள் வெறும் செங்கற்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கவில்லை. அவற்றைச் சூழ்ந்து, தாங்கி, இணைத்து நிற்கும் ஒரு நார்வலை உண்டு. உயிரணுக்களே இதனைச் சுரந்து வெளியே நெய்கின்றன. இதற்கு உயிரணுவெளிப் பின்னல் எனப் பெயரிடலாம்.

தோல் இரு அடுக்குகளை உடையது. மேற்றோலில் உயிரணுக்களே மிகுதி. அதன் அடியிலுள்ள உட்டோலிலோ பின்னலே மிகுதி. நீரை நீக்கிப் பார்த்தால் உட்டோலின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன் என்னும் ஒரே புரத இனமாகும். இழுவிசையைத் தாங்குவது கொலாஜன். இழுத்த தோலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்வது எலாஸ்டின். உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் பிடியாக அமைவது பைப்ரோநெக்டின். மேற்றோலையும் உட்டோலையும் ஒட்டவைக்கும் மெல்லிய அடிப்படலத்தில் லாமினின் என்ற புரதமும் கொலாஜனின் வேறு சில வகைகளும் உள்ளன. நார்களுக்கு இடைப்பட்ட வெளியை ஹயலூரானிக் அமிலம் போன்ற பொருள்கள் நீரை ஏற்றுக் கூழ்போல் நிரப்புகின்றன.

இப்பின்னல் அசைவற்ற சாரம் மட்டும் அன்று. உயிரணுக்களுக்குச் செய்தி கூறும் ஊடகமுமாகும். உயிரணுவின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்னும் பற்றுப் புரதங்கள் உள்ளன. பைப்ரோநெக்டினில் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் தொடர்ந்து வரும் இடத்தை இவற்றுட் சில பற்றுகின்றன என்பது 1984-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. எதைப் பற்றியிருக்கிறது என்பதைக் கொண்டே உயிரணு நகர்வதா, பெருகுவதா, நிற்பதா என முடிவு செய்கிறது.

சென்னையில் தெளிந்த முப்புரி

கொலாஜனின் வடிவம் சென்னை நகரிலேயே தெளிவாயிற்று என்பது தென்னாட்டு ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்கூற வேண்டிய செய்தியாகும். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், எக்ஸ் கதிர்களைக் கொண்டு கொலாஜனை ஆராயத் தொடங்கினார். அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காருவின் வால் தசைநாரை அவருக்கு அளித்து உதவியது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ஒரு மாதிரியை வெளியிட்டு, 1955-இல் அதனைத் திருத்தினர். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய புரியே கொலாஜன் என்பது அவர்தம் முடிபு. சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை குறித்துப் பிற நாட்டு அறிஞர் சில மாற்றங்களைக் கூறினர். எனினும் முப்புரி என்ற அடிப்படை நிலைபெற்றது.

கயிறு திரிப்பவர் ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்குவர்; அதனாலேயே கயிறு அவிழாது நிற்கிறது. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடமாக முறுக்குண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலமாக முறுக்கிக்கொள்கின்றன. ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள் கொண்ட ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் அமைந்துள்ளது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுவே. புரியின் நடுவிலுள்ள நெருக்கத்தில் வேறெதற்கும் இடமில்லை.

இப்புரியைப் பலர் சமையலறையிலேயே கண்டுள்ளனர். ஆட்டுக்கால் சாறு ஆறியதும் கட்டியாக உறைவதும், தச்சர் பயன்படுத்தும் வச்சிரப் பசை தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பெறப்படுவதும், வெப்பத்தால் முப்புரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆவதனாலேயே. கொலாஜன் என்ற பெயரும் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே.

புண் ஆறும் நான்கு படிகள்

தோல் கிழிந்தவுடன் முதற்பணி குருதியை நிறுத்துவதாகும். கிழிந்த குழாய்ச் சுவரில் வெளிப்பட்ட கொலாஜனைத் தொட்டதும் இரத்தத் தட்டுகள் அங்கே ஒட்டித் திரள்கின்றன. குருதியில் கரைந்துள்ள பைப்ரினோஜன், திராம்பின் என்னும் நொதியால் பைப்ரின் இழைகளாக மாறி வலை பின்னுகிறது. குருதியிலுள்ள பைப்ரோநெக்டினும் இவ்வலையில் பிணைக்கப்படுகிறது. இவ்வாறு அமைவது தற்காலிகப் பின்னல். வெள்ளத்தில் பாலம் உடைந்தால் முதலில் மூங்கிற் பாலம் கட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். பின்வரும் உயிரணுக்கள் எல்லாம் இதன்மீதே நடந்து வருகின்றன.

இரண்டாவது படி அழற்சி. முதல் நாளில் வெள்ளணுக்களுள் நியூட்ரோபில்கள் வந்து கிருமிகளை அழிக்கின்றன. இரண்டு மூன்று நாட்களில் மாக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள் வந்து, சிதைந்த பொருள்களை அகற்றி, வளர்ச்சிக்கான கட்டளைப் பொருள்களைச் சுரக்கின்றன. புண்ணின் ஓரம் சிவந்து சிறிது வீங்குவது இதனாலேயே.

மூன்றாவது படி புதுத் திசு தோன்றுதல். நார்விளை உயிரணுக்கள் தற்காலிகப் பின்னலில் ஊர்ந்து வந்து, பழைய வலையைச் சிறிது சிறிதாக அகற்றிப் புதிய கொலாஜனை நெய்கின்றன. முதலில் மூன்றாம் வகைக் கொலாஜன் மிகுதியாக அமைகிறது; இது மெல்லியது. புதிய குருதிக் குழாய்கள் ஊடே கிளைக்கின்றன. புண்ணின் அடியில் சிவந்த மணிமணியான புதுச்சதை தோன்றுவது இந்நிலையிலாகும். நார்விளை உயிரணுக்களுள் சில, தசையைப் போல் சுருங்கும் ஆற்றல் பெற்றுப் புண்ணின் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கின்றன. இவற்றை 1971-இல் காபியானியும் அவர்தம் குழுவினரும் விவரித்தனர். மேற்றோலின் உயிரணுக்களோ விளிம்பிலிருந்து புறப்பட்டு, ஈரமான பரப்பின்மீது ஊர்ந்து புண்ணை மூடுகின்றன.

நான்காவது படி சீரமைப்பு. மூன்றாம் வகைக் கொலாஜன் குறைந்து, தடித்த முதல் வகைக் கொலாஜன் மிகுகிறது. நார்கள் குறுக்குப் பிணைப்புகளால் இறுகுகின்றன. இப்படி பல மாதங்கள், சிலபோது ஓராண்டிற்கு மேலும் நீடிக்கும். அறுவை மருத்துவ நூல்கள் கூறும் கணக்கின்படி, ஒரு வாரம் சென்ற புண்ணின் வலிமை இயல்பான தோலில் ஏறத்தாழ 3 விழுக்காடே. மூன்று வாரங்களில் 20 முதல் 30 விழுக்காடும், மூன்று மாதங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடும் ஆகும். முழு வலிமை ஒருபோதும் மீள்வதில்லை. எனவே புண் மூடிவிட்டது என்பதால் அது வலுப்பெற்றுவிட்டது எனக் கருதலாகாது.

வைட்டமின் சி இன்றேல்

முப்புரி நிலைத்திருக்க, அதிலுள்ள புரோலின் அலகுகள் பலவற்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்க்கப்பட வேண்டும். இதனைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி துணை வேண்டும். இல்லாவிடில் உடல் வெப்பத்திற்கு மிகக் குறைந்த நிலையிலேயே புரி அவிழ்ந்துவிடும்.

1740 முதல் 1744 வரை ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பற்பயணத்தில் ஸ்கர்வி நோய் எண்ணற்றோரைக் கொன்றது. அரை நூற்றாண்டிற்கு முன் 1690-ஆம் ஆண்டுப் போரில் காயமுற்று முற்றும் ஆறியிருந்த ஒருவரின் பழம்புண்கள், அப்பயணத்தில் மீண்டும் திறந்துகொண்டன என அதன் வரலாறு கூறுகிறது. தழும்பிலுள்ள கொலாஜன் ஓயாது அழிந்தும் ஆக்கப்பட்டும் வருகிறது. ஆக்கம் நின்றால் அழிவே எஞ்சும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஜான் கிராண்டன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் தம் உடலிலேயே இதனைச் சோதித்தார். 1940-இல் வெளியான அவ்வாய்வில், வைட்டமின் சி அறவே இல்லாத உணவை அவர் மாதக்கணக்கில் உட்கொண்டார். மூன்றாம் மாதத்தில் முதுகில் உண்டாக்கிய புண் இயல்பாக ஆறியது; ஆறாம் மாதத்தில் உண்டாக்கியது ஆறவில்லை. வைட்டமின் சி ஊசியாகச் செலுத்தப்பட்டதும் அதுவும் ஆறியது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை ஆகியவை இவ்வைட்டமின் மிக்கவை. நெடுநேரம் கொதிக்கவைத்தால் இது பெரிதும் அழியும் என்பதை உணவு பற்றி அறிவுரை கூறுவோர் மறவாதிருத்தல் வேண்டும். கொலாஜனும் ஒரு புரதமாதலின், பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவும் புண் உடையோர்க்குக் குறையலாகாது.

பின்னலை அரிக்கும் நொதிகள்

நெய்வது எத்துணை இன்றியமையாததோ, பிரிப்பதும் அத்துணை இன்றியமையாதது. தவளைக்குஞ்சு வளருங்கால் அதன் வால் கரைந்து மறைவதை ஆராய்ந்த ஜெரோம் குரோஸ், சார்லஸ் லாப்பியேர் ஆகிய இருவரும், கொலாஜனை வெட்டும் நொதி ஒன்றை 1962-இல் கண்டறிந்தனர். இத்தகைய நொதிகள் பல மனிதத் தோலிலும் உள்ளன. மேற்றோலின் உயிரணுக்கள் பொருக்கின் அடியே வழிவெட்டிச் செல்வது இவற்றின் துணையாலேயே. இயல்பான புண்ணில் இவை வேண்டும் அளவு தோன்றி, வேலை முடிந்ததும் அடங்குகின்றன.

ஆறாப் புண்ணில் இவ்வடக்கம் இல்லை. கிருமிகளாலும், ஓயாத அழுத்தத்தாலும் அழற்சிப் படி முடிவுறாது நீள்கிறது. வெள்ளணுக்கள் நொதிகளைச் சொரிந்தவண்ணம் உள்ளன. நார்விளை உயிரணு நெய்யும் பைப்ரோநெக்டினும் கொலாஜனும் நிலைபெறுமுன் அரிக்கப்படுகின்றன. பகலில் கட்டிய கரையை இரவில் வெள்ளம் கொண்டுபோவது போன்றது இது. நீரிழிவிலோ, மிகுந்த சர்க்கரை கொலாஜனுடன் கூடி அதனை விறைக்கச் செய்கிறது, குருதியோட்டம் குன்றுகிறது, நரம்பு கெட்டு உணர்ச்சி மறைகிறது. வயலில் தாள் குத்திய இரண்டாம் உழவரின் புண் மூடாததற்குக் காரணம் இவையே.

வேலூர் கற்பித்த பாடம்

உணர்ச்சியற்ற பாதத்தின் புண் குறித்துத் தெளிவான பாடம் தமிழகத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளரின் தசை இயற்கையிலேயே ஆறும் தன்மையற்றது, நோயே அதனை அழுகச் செய்கிறது என்ற கருத்து அன்று பரவலாக நிலவியது. அவர்களுக்குச் செய்த அறுவைகளின் புண்கள் பிறருக்குப் போன்றே ஆறுவதைப் பிராண்ட் கண்டார். அவ்வாறாயின் பாதப்புண் மட்டும் ஏன் ஆறவில்லை? வலி அறியாமையால் நோயாளி அப்புண்ணின்மீதே நாள்தோறும் நடந்தார்; புதிதாக நெய்த பின்னல் ஒவ்வோர் அடியிலும் நசுங்கியது.

பாதத்துடன் முழுவதும் ஒட்டியமையும் பிளாஸ்டர் கட்டு இட்டு, உடலின் எடை ஒரே இடத்தில் விழாது பரவச் செய்தபோது, நெடுநாள் புண்களும் சில வாரங்களில் மூடின. புண் மீளாதிருக்க மைக்ரோசெல்லுலர் ரப்பர் எனப்படும் மென்ரப்பர் அட்டையால் செருப்புகள் செய்து அளிக்கப்பட்டன. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், இம்முறை அங்கும் கையாளப்பட்டு, நீரிழிவுப் பாதப்புண்ணுக்கும் உலகெங்கும் ஏற்ற முறையாயிற்று. மருந்து எதுவும் கூட்டப்படவில்லை. அழுத்தம் அகன்றது, உடல் தானே நெய்துகொண்டது.

தோல் ஆராய்ச்சியிலிருந்து மருந்துக் கட்டு

நாயுடுபேட்டைக்கு மேற்கே, அதே ஆற்றங்கரையிலுள்ள திருக்காளத்தியில், குருதி வழிந்த இறைவன் கண்ணில் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரின் கதை யாவரும் அறிந்தது. ஊனைக்கொண்டே ஊனைத் தீர்க்கலாம் என்ற பழைய எண்ணம் அக்கதையில் உள்ளது. இக்கால விஞ்ஞானம் வேறொரு வழியில் அவ்வெண்ணத்தை அணுகுகிறது.

தோல் பதனிடுதல் என்பது கொலாஜன் நார்களை அழுகாதவாறு பிணைக்கும் தொழிலேயாகும். ஆதலின் கொலாஜனைப் பற்றிய அறிவு சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு இயல்பாகவே உரியது. விலங்குத் திசுவிலிருந்து கொலாஜனைத் தூய்மையாகப் பிரித்து, மெல்லிய தாளாகவும் பஞ்சாகவும் ஆக்கித் தீப்புண்ணின்மீது பரப்பும் முறைகளை அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கினர். அயல்நாட்டில் ஜான் பர்க், யோனிஸ் யானஸ் ஆகியோர், மாட்டின் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பின் பொருளையும் சேர்த்து ஆக்கி, மேலே சிலிக்கோன் படலம் இட்ட செயற்கைத் தோலை, 1981-இல் பெருந்தீப்புண்களுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டனர். இத்தகைய தாள் புண்ணைக் காப்பதுடன், நார்விளை உயிரணுக்கள் ஊர்ந்து வருவதற்குச் சாரமாகவும் அமைகிறது. நொதிகள் முதலில் அதனை அரிப்பதால் நோயாளியின் சொந்தப் பின்னலும் ஓரளவு தப்புகிறது. ஆயினும் கிருமி மிகுந்த புண்ணிலும், குருதியோட்டமற்ற காலிலும், அழுத்தம் நீங்காத பாதத்திலும் இத்தாள் மட்டும் பயன் தராது. எந்த விலங்கினின்று எடுக்கப்பட்டது என்பதை நோயாளிக்குக் கூறி இசைவு பெறுதலும் முறையாகும்.

களப்பணியாளர்க்குச் சில குறிப்புகள்

புண்ணைக் காயவிட்டுப் பொருக்குத் தட்டச் செய்வதே நன்று என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஜார்ஜ் வின்டர் என்பார் 1962-இல் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், பாலிதீன் தாளால் மூடி ஈரம் காத்த மேலோட்டமான புண்களில், திறந்து காயவிட்ட புண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் மேற்றோல் படர்ந்தது. காய்ந்த பொருக்கு, ஊரும் உயிரணுக்களுக்குத் தடையாவதே காரணம். எனவே புண்ணைக் கொதித்தாறிய நீரால் கழுவித் தூய கட்டால் மூடுதல் வேண்டும். சுண்ணாம்பு, சாம்பல், காப்பித்தூள், மண்ணெண்ணெய் ஆகியன கிருமியைக் கொணரும் அல்லது புதிய உயிரணுக்களைக் கொல்லும். மண்பட்ட புண்ணுக்குத் தடுப்பூசி வழியே இசிவு நோய்க் காப்பு தேடுதல் இன்றியமையாதது.

நீரிழிவு அல்லது தொழுநோய் உடையோரின் பாதத்தை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கலாம். உணர்ச்சியற்ற பாதத்தில் தோன்றும் எப்புண்ணும், வலி இல்லையெனினும், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். வலியின்மையே அங்கு அபாயக்குறி. பிற புண்களில் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, கருமை ஆகியன தோன்றினும் அவ்வாறே செய்க. தூய கண்ணாடித் தாளைப் புண்ணின்மேல் பிடித்து, வாரம் ஒருமுறை விளிம்பை மையால் வரைந்து, கட்டமிட்ட தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணினால் பரப்பளவு தெரியும். நான்கு வாரங்களில் பரப்பு பாதியாகக் குறையாவிடில், அப்புண் தானே ஆறும் வழியில் இல்லை எனக் கொள்ளலாம்.

ஆசிரியர்கள் ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து மாணவர்க்குக் காட்டலாம். சுண்ணச் சத்து கரைந்து, வளையக்கூடிய கொலாஜன் எஞ்சும். அதே நாரே தங்கள் தோலையும் தாங்குகிறது என்பதை மாணவர் கையால் தொட்டே உணர்வர். அவருள் ஒருவர் மாலையில் வீடு திரும்பி, மரத்துப்போன காலுடன் வயலுக்குப் புறப்படும் பாட்டனாரைச் செருப்பணியச் செய்தால், அப்பாடம் தன் பயனை எய்தியதாகும்.